பாடத்தில் தேறாவிட்டால் திடலில் இடமில்லை: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் கல்வி விதிகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பெரிய விழா மார்ச் மாதத்தில் வரும். 68 அணிகள் களம் இறங்கும். ஓர் ஆட்டத்தில் தோற்றாலே வெளியேற வேண்டும். மூன்று வாரத்தில் வெற்றியாளர் யார் என்பது தெரிந்துவிடும். 2011-ஆம் ஆண்டு அந்தக் கிண்ணத்தை வென்றது கனெக்டிகட் பல்கலைக்கழகம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2013 மார்ச்சில், அதே பல்கலைக்கழகத்தின் பெயர் போட்டிப் பட்டியலிலேயே இல்லை. அந்தப் பருவத்தில் அந்த அணி 20 ஆட்டங்களில் வென்று 10 ஆட்டங்களில்தான் தோற்றிருந்தது. ஊக்கமருந்துப் புகாரோ சூதாட்டப் புகாரோ எதுவும் இல்லை. முந்தைய ஆண்டுகளில் அணியின் விளையாட்டாளர்கள் பாடங்களில் காட்டிய தேர்ச்சி போதவில்லை என்பதற்காகத்தான் அந்தத் தடை.

அது என்ன விதி, யார் விதித்தது, யாரைக் காப்பதற்காக வந்தது, கடைசியில் யார் தலையில் விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும்.

பல்கலைக்கழகமே விளையாட்டு மன்றம்

அமெரிக்க அமைப்பு நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். தோட்டப்புறத்தில் பந்து என்றாலே காற்பந்துதான். நன்றாக ஆடும் பையன் மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் ஆடுவான், பிறகு ஒரு மன்றம் அவனைச் சேர்த்துக்கொள்ளும். பள்ளிக்கு அது புறப்பாட நடவடிக்கை மட்டுமே. அமெரிக்கக் கூடைப்பந்திலோ அந்த மன்றத்தின் வேலையைப் பல்கலைக்கழகமே செய்கிறது. என்.பி.ஏ. தொழில்முறைக் குழுக்களுக்குப் போக நினைக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு பல்கலைக்கழக அணியில் ஆடுகிறார்கள். அதற்காகப் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் உபகாரச் சம்பளம் கிடைக்கும்.

இந்தப் போட்டிகளை நடத்துவது என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். 1906-இல் தொடங்கியது. கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வைத்திருக்கிறது. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது. பணமும் பரபரப்பும் முதல் பிரிவில்தான். 2010-இல் மார்ச் மாதப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி அமெரிக்க டாலருக்கு விலைபோனது. பிற்பாடு அந்த ஒப்பந்தம் 2032 வரை நீட்டிக்கப்பட்டது. இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் விளையாட்டாளர் மாணவராகவும் இருந்தாக வேண்டும் என்பதுதான் சங்கம் சொல்லிவரும் அடிப்படை. அந்தச் சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு ஒரு மாணவரின் கதை போதும்.

நான்கு ஆண்டு படித்தவர், சிறுவர் வகுப்பில் உட்கார்ந்தார்

கெவின் ராஸ், கான்சஸ் சிட்டியைச் சேர்ந்தவர். 1978-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகம் அவரைக் கூடைப்பந்துக்காகச் சேர்த்துக்கொண்டது. கல்லூரி நுழைவுக்கான ஏ.சி.டி. தேர்வில் அவர் பெற்றது 36-க்கு 9. அந்த ஆண்டு அங்கே சேர்ந்த மாணவர்களின் சராசரி 23.2. தனிப்பயிற்சி தருவோம், பாடத்தில் பின்தங்காமல் பார்த்துக்கொள்வோம் என்று பல்கலைக்கழகம் வாக்குக் கொடுத்ததாக ராஸ் பின்னாளில் தம் வழக்கில் சொன்னார்.

நடந்தது வேறு. விளையாட்டுத் துறையின் ஆலோசனைப்படி அவர் எடுத்த பாடங்களில் மட்பாண்டக் கலையும் துப்பாக்கிச் சுடுதலும் இருந்தன. அப்படிப்பட்ட பல பாடங்கள் பட்டத்துக்கே கணக்கில் சேராதவை. ஆனால் திடலில் இறங்கத் தேவையான தேர்ச்சியைக் காட்ட அவை போதும். நான்கு ஆண்டு முடிந்து 1982-இல் அவர் வெளியேறியபோது பட்டத்துக்கு வேண்டிய 128 புள்ளிகளில் 96 மட்டுமே கையில் இருந்தது. தேர்ச்சி சராசரி ‘டி’. வாசிக்கும் திறன் ஏழாம் வகுப்பு மாணவனுடையது, மொத்த மொழித்திறன் நான்காம் வகுப்பு மாணவனுடையது என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. அதன் பிறகு சிகாகோவில் மார்வா காலின்ஸ் என்ற ஆசிரியை நடத்திவந்த வெஸ்ட்சைட் பிரெப்பரேட்டரி பள்ளியில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளோடு ஓராண்டு உட்கார்ந்து படித்தார் ராஸ்.

அவர் தொடுத்த வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘சரியாகக் கற்பிக்கவில்லை’ என்பதற்காக ஒரு பல்கலைக்கழகத்தின்மீது பொதுவாக வழக்குப் போட முடியாது. ஆனால் தனிப்பயிற்சி தருவதாக வாக்களித்து, அதற்கான உண்மையான முயற்சியே செய்யாமல் இருந்திருந்தால் அது ஒப்பந்த மீறல், அதை விசாரிக்கலாம் என்றது நீதிமன்றம். பின்னர் இரு தரப்பும் சமரசத்தில் முடித்துக்கொண்டன.

ராஸ் தனி மனிதர் அல்லர். 1970-களிலும் 80-களிலும் இப்படி ஆடவைத்து அனுப்பிவிடப்பட்ட கறுப்பின இளைஞர்கள் பலர். சங்கத்திடம் அதற்கு முன் நுழைவு விதி ஒன்று இருந்தது, 1973-இல் கைவிடப்பட்டது. பிறகு பத்தாண்டுக் காலம் கதவு ஏறக்குறைய திறந்தே கிடந்தது.

நுழைவு வாசலில் முதல் சோதனை

1983 ஜனவரியில் சங்கத்தின் மாநாடு ‘தீர்மானம் 48’ என்ற விதியை நிறைவேற்றியது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. இடைநிலைப் பள்ளியில் 11 முக்கியப் பாடங்களில் நான்கிற்கு 2.0 சராசரி வேண்டும். அதோடு எஸ்.ஏ.டி. தேர்வில் 1,600-க்கு 700 எடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் உபகாரச் சம்பளத்தோடு சேரலாம், ஆனால் முதலாண்டு ஆட முடியாது.

அந்த முதலாண்டை இழந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ருமீல் ராபின்சன். 1989 இறுதியாட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், மூன்று விநாடி மிஞ்சியிருந்தபோது இரண்டு தனி எறிகளையும் கூடையில் போட்டு, மிச்சிகனை 80-79 என்று வெல்லவைத்தவர் அவர்தான்.

அதே 1989-இல்தான் இந்த விதிகளுக்கு எதிரான மிகப் பெரிய எதிர்ப்பும் எழுந்தது. ஜனவரியில் சங்கம் ‘தீர்மானம் 42’ கொண்டுவந்தது. தகுதி குறைந்தவர்களுக்கு முதலாண்டு ஆட்டம் மட்டுமல்ல, உபகாரச் சம்பளமும் கிடையாது என்றது அது. ஜனவரி 14-ஆம் தேதி, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜான் தாம்சன் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எழுந்து அரங்கை விட்டே வெளியேறினார். அடுத்த ஆட்டத்துக்கும் வரவில்லை. தாம்சன் சாதாரண ஆள் இல்லை. 1984-இல் தேசியக் கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுநர் அவர். படிப்பை அலட்சியம் செய்தவரும் இல்லை. அவரிடம் நான்கு ஆண்டும் ஆடிய 77 பேரில் 75 பேர் பட்டம் பெற்றார்கள். காற்றுப் போன பந்து ஒன்றை அலுவலகத்தில் வைத்திருந்தார். பந்தில் காற்று இறங்கிய பிறகு நீ யார் என்று மாணவர்களைக் கேட்பதற்காக.

ஆகவே அவருடைய வாதத்தைப் படிப்புக்கு எதிரானது என்று யாரும் தள்ள முடியவில்லை. ஏழைப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளை ஒரு தேர்வுத் தாளை வைத்து வடிகட்டினால், கல்லூரிக்குள் கால் வைக்கும் ஒரே வழியும் அடைபடும் என்பதே அவர் சொன்னது. டெம்பிள் பல்கலைக்கழகப் பயிற்றுநர் ஜான் சேனியும் அதே கருத்துடன் நின்றார். சங்கம் இறங்கிவந்து அடுத்த ஆண்டே அந்தத் தீர்மானத்தைத் தளர்த்தியது.

அந்த விவாதம் அத்தோடு முடியவில்லை. 1996-இல் நடைமுறைக்கு வந்த ‘தீர்மானம் 16’, தேர்வு மதிப்பெண்ணையும் பாடச் சராசரியையும் ஒரு சாய்வு அளவில் இணைத்தது. ஒன்று கூடினால் மற்றது குறையலாம். கறுப்பின மாணவர்களை அது அநியாயமாகப் பாதிக்கிறது என்று 1999-இல் பிலடெல்ஃபியா நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு அதே ஆண்டு ரத்தானது. முக்கியப் பாடங்களின் எண்ணிக்கை 13, 14, பிறகு 16 என்று ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 2023 ஜனவரியில் சங்கம் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வு நிபந்தனையையே நீக்கிவிட்டது. தாம்சன் 2020-இல் காலமானார். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைய நிலவரப்படி முதல் பிரிவில் ஆட 16 முக்கியப் பாடங்கள் வேண்டும். ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, சமூக அறிவியல் 2. ஆங்கிலம், கணிதம், அறிவியல் மூன்றில் ஏதாவது ஒன்றில் இன்னொரு பாடம். மீதி நான்கு வேறு அங்கீகரிக்கப்பட்ட பாடங்கள். சராசரி 2.3, அதாவது ‘சி’க்குச் சற்று மேலே. பதினாறில் பத்துப் பாடங்களைப் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் எங்கோ ஒரு பெயர்ப்பலகைப் பள்ளியில் சேர்ந்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டு வருவதைத் தடுக்கத்தான் இந்தப் பத்துப் பாடக் கணக்கு. 2006-இல் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் இரண்டும் அப்படிப்பட்ட பள்ளிகளைத் தோண்டி எடுத்து எழுதின.

உள்ளே வந்த பிறகு

நுழைந்துவிட்டால் போதாது. ஒவ்வொரு தவணையிலும் குறைந்தது ஆறு புள்ளிக்கான பாடங்களில் தேற வேண்டும். இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் 24 புள்ளி சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பட்டப்படிப்பில் 40 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டில் 80 விழுக்காடு முடிந்திருக்க வேண்டும். மட்பாண்டமும் துப்பாக்கிச் சுடுதலும் இனி உதவா. எடுக்கும் பாடம் ஏதோ ஒரு பட்டத்துக்குக் கணக்காக வேண்டும். ராஸ் போன்றோரின் கதைக்கு இந்த 40-60-80 விதிதான் நேரடியான பதில் என்று சொல்லலாம்.

இவையெல்லாம் தனி மாணவருக்கான விதிகள். தேறாதவர் ஆட மாட்டார், கல்லூரிக்கு நட்டமில்லை. ஒருவர் போனால் இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த ஓட்டையை அடைக்க 2000-களின் நடுவில் கல்லூரியையே பொறுப்பாக்கும் ஓர் அளவுகோல் வந்தது. கல்வி முன்னேற்ற விகிதம், சுருக்கமாக ஏ.பி.ஆர்.

கணக்கு எளிமையானது. உபகாரச் சம்பளம் பெறும் ஒவ்வொரு விளையாட்டாளருக்கும் தவணைக்கு இரண்டு புள்ளி. பாடத்தில் தேறி ஆடும் தகுதியோடு இருந்தால் ஒன்று, அடுத்த தவணைக்கும் அதே கல்லூரியில் தொடர்ந்தால் இன்னொன்று. அணி பெற்ற புள்ளியைப் பெறக்கூடிய மொத்தப் புள்ளியால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் குறையக் கூடாது. 930 என்றால் அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் பட்டம் பெறுவார்கள் என்பது சங்கத்தின் மதிப்பீடு. பாதிதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அதைத் தொடவே பல கல்லூரிகள் திணறின.

கூடைப்பந்தை இந்தக் கணக்கு மற்ற விளையாட்டுகளைவிடக் கடுமையாகப் பிடிக்கும். ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் பல ஆண்டுகளாக இருந்த உபகாரச் சம்பளங்கள் 13. ஆண்டுக்கு இரண்டு தவணை என்றால் மொத்தம் 52 புள்ளி. மூன்று புள்ளி போனால் 942, தப்பிக்கலாம். நான்கு போனால் 923, தோல்வி. ஒரு தவணையில் இரண்டே பேர் தேறாமல் கல்லூரியை விட்டும் போனால் அந்த நான்கு புள்ளி காலி. 85 பேர் கொண்ட அமெரிக்கக் காற்பந்து அணியில் அதே இரண்டு பேர் அப்படிப் போனால் 988-இல் நிற்கும். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல் கூடைப்பந்துக்கே உரியது. 2006 முதல், பள்ளி முடித்த அமெரிக்க இளைஞர் ஓராண்டு கழிந்த பிறகே என்.பி.ஏ. தேர்வுக்குப் போக முடியும். அதனால் ஒரே ஓராண்டு கல்லூரியில் ஆடிவிட்டுப் போகும் வழக்கம் வந்தது. முதல் தவணையில் ஆறு புள்ளி தேறினால் மார்ச் போட்டி வரை ஆடிவிடலாம். அதன் பிறகு வகுப்புக்குப் போகாமல் இருந்தாலும் அந்த இளைஞருக்கு ஒன்றும் ஆகாது. அணிக்குத்தான் புள்ளி போகும். படிப்பில் தேறிய நிலையில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனால் தொடரும் புள்ளி கழியாது என்று சங்கம் சலுகை வைத்திருப்பது இதனால்தான். 2.6 சராசரியோடு வேறு கல்லூரிக்கு மாறினாலும் அதே சலுகை உண்டு.

தண்டனைப் படிகள்

930-க்குக் கீழே போனால் மார்ச் போட்டி கிடையாது. அதோடு மூன்று படிகள் உண்டு. முதல் படியில் வாரத்துக்கு ஆறு நாள், 20 மணி நேரம் இருக்கும் பயிற்சி ஐந்து நாள், 16 மணி நேரமாகக் குறையும். மிஞ்சும் நான்கு மணி நேரத்தைப் படிப்புக்குச் செலவிட வேண்டும். தண்டனைகளில் இது ஒன்றுதான் உருப்படியானது என்று தோன்றுகிறது. மற்றவை எடுத்துக்கொள்கின்றன, இது ஒன்றைத் திருப்பித் தருகிறது. இரண்டாம் படியில் ஆட்டங்களின் எண்ணிக்கை குறையும். மூன்றாம் படியில் பயிற்றுநருக்கு இடைநீக்கம், உபகாரச் சம்பளக் குறைப்பு என்று சங்க உறுப்பியத்தைக் கட்டுப்படுத்துவது வரை போகும்.

இனி கனெக்டிகட் கதைக்கு வரலாம். 2009-10 கல்வியாண்டில் அந்த அணியின் விகிதம் 826. மொத்தம் 52 புள்ளி என்று வைத்துக்கொண்டால் ஒன்பது புள்ளி போயிருக்கிறது. முதலில் இரண்டு உபகாரச் சம்பளங்கள் வெட்டப்பட்டன. 2011 அக்டோபரில், கிண்ணத்தை வென்ற ஆறு மாதம் கழித்து, சங்கம் மார்ச் போட்டிக்கான அளவை 930-க்கு உயர்த்தியது. இடைக்கால ஏற்பாடாக, 2013 போட்டிக்கு நான்கு ஆண்டுச் சராசரி 900 அல்லது கடைசி இரண்டு ஆண்டுச் சராசரி 930 இருந்தால் போதும் என்றது. கனெக்டிகட்டின் நான்கு ஆண்டுச் சராசரி 889. 2010-11-இல் விகிதம் 978-க்கு ஏறியிருந்தும், பழைய 826 பின்னால் இழுத்ததால் இரண்டு ஆண்டுச் சராசரி 902-இல் நின்றது.

பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. விதி வருவதற்கு முன் நடந்ததற்கு இப்போது தண்டனையா என்று கேட்டது. 2011-12 மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் தேறிவிடுவோம் என்றது. சங்கம் இரண்டையும் ஏற்கவில்லை. மூன்று முறை தேசியக் கிண்ணத்தை வென்ற பயிற்றுநர் ஜிம் கால்ஹூன் 2012 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள், சிலர் என்.பி.ஏ.வுக்குப் போனார்கள். 2011 வெற்றியின் நாயகன் கெம்பா வாக்கரோ மூன்றே ஆண்டில் பட்டத்தையும் முடித்துக்கொண்டு ஏற்கனவே போய்விட்டிருந்தார்.

மிஞ்சியவர்கள்தான் தண்டனையை அனுபவித்தார்கள். 2009-10-இல் தேறாமல் போனவர்கள் அவர்கள் அல்லர். அந்த ஆண்டு ஷபாஸ் நேப்பியர் கல்லூரிக்கே வரவில்லை, பள்ளியில் இருந்தார். அண்ணன் வைத்த கடனைத் தம்பி கட்டிய கதை. நேப்பியர் மாறிப் போகாமல் இருந்தார். 2014-இல் ஏழாம் நிலையில் நுழைந்த அணி, ஏப்ரல் 7-ஆம் தேதி கென்டக்கியை 60-54 என்று வீழ்த்திக் கிண்ணத்தை வென்றது. வென்ற திடலிலேயே, எங்களைத் தடை செய்தால் இதுதான் நடக்கும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார் நேப்பியர்.

2013-இல் தடை பெற்றது கனெக்டிகட் மட்டும் அல்ல. மொத்தம் பத்துக் கூடைப்பந்து அணிகள். அவற்றில் பணக்காரக் கூட்டமைப்பைச் சேர்ந்தது கனெக்டிகட் ஒன்றுதான். மற்றவை டவ்சன், டொலிடோ போன்ற சிறிய அணிகள். ஆர்கன்சாஸ்-பைன் பிளஃப், மிசிசிப்பி வேலி ஸ்டேட் இரண்டும் கறுப்பின மாணவர்களுக்கென்று அந்தக் காலத்தில் நிறுவப்பட்ட கல்லூரிகள். பெரிய பல்கலைக்கழகங்களில் விளையாட்டாளர்களுக்கென்றே தனிப்பயிற்சி மையம், ஆலோசகர், பாடத்தில் பின்தங்கியவரைத் தொலைபேசியில் எழுப்பும் ஆள் வரை உண்டு. வசதியில்லாத கல்லூரியில் பேருந்தில் பத்து மணி நேரம் போய் ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு அந்த உதவி கிடைக்காது. வசதி குறைந்த கல்லூரிகளுக்குச் சங்கம் கூடுதல் அவகாசம் கொடுத்தது உண்மைதான். அவகாசம் கொடுத்தாலும் ஆசிரியர் சம்பளத்துக்குப் பணம் வேண்டும்.

மதிப்பெண்ணா, படிப்பா

விதி கடுமையாகும்போது ஏமாற்றும் வழியும் பெருகும். 1999 மார்ச்சில், மினசோட்டா பல்கலைக்கழக அணி போட்டியில் இறங்குவதற்கு முந்தைய நாள், செயின்ட் பால் பயனியர் பிரஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அலுவலகப் பணியாளர் ஒருவர் கூடைப்பந்து விளையாட்டாளர்களுக்காகச் சுமார் 400 கட்டுரைகளை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று. நான்கு பேர் உடனே நிறுத்தப்பட்டார்கள், அணி முதல் சுற்றிலேயே தோற்றது. 1997-இல் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்த பெருமையும் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டது. அந்தச் செய்திக்கு மறு ஆண்டு புலிட்சர் விருது கிடைத்தது. வெற்றி பெறும் அணியைப் பற்றி இப்படி எழுதிய செய்தியாளருக்கு அந்த ஊரில் கிடைத்த வசவும் கொஞ்சநஞ்சமல்ல.

மெம்ஃபிஸ் பல்கலைக்கழகம் 2007-08 பருவத்தில் 38 ஆட்டங்களில் வென்று இறுதியாட்டம் வரை போனது. ஒரு விளையாட்டாளரின் எஸ்.ஏ.டி. மதிப்பெண் பிற்பாடு செல்லாது என்று அறிவிக்கப்பட்டதால் 38 வெற்றிகளும் ரத்தாயின.

இவற்றையெல்லாம் விடப் பெரியது வட கரோலைனா பல்கலைக்கழக விவகாரம். மைக்கேல் ஜோர்டான் ஆடிய பல்கலைக்கழகம் அது. 1993 முதல் 2011 வரை, அங்கே ஒரு துறையில் வகுப்பே நடக்காத பாடங்கள் இருந்தன. மாணவர் ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் போதும். அதைத் திருத்தியது பேராசிரியர் அல்லர், அலுவலக மேலாளர். தாராளமாக உயர்ந்த மதிப்பெண் விழும். 18 ஆண்டில் 3,100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தப் பாடங்களை எடுத்தார்கள், ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டாளர்கள் என்று 2014-இல் முன்னாள் அரசு வழக்கறிஞர் கென்னத் வெய்ன்ஸ்டைன் அளித்த அறிக்கை கூறியது. அந்தக் காலத்தில் 2005, 2009 இரண்டு முறை தேசியக் கிண்ணம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனது.

2017 அக்டோபரில் என்.சி.ஏ.ஏ. குழு தீர்ப்புச் சொன்னது. அந்தப் பாடங்கள் விளையாட்டாளர்களுக்கு மட்டுமல்ல, எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன. எனவே சங்கத்தின் கல்வி விதிகள் மீறப்பட்டதாக முடிவுக்கு வர முடியவில்லை. கிண்ணங்கள் பறிபோகவில்லை. போட்டித் தடையும் இல்லை.

கனெக்டிகட்டையும் வட கரோலைனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விதியின் குறை தெரியும். கனெக்டிகட் விளையாட்டாளர்கள் தேறாமல் போனார்கள், தேறவில்லை என்றே பதிவானது, தண்டனை வந்தது. கல்வி மோசடி என்ற குற்றச்சாட்டு அங்கே எழவில்லை. வட கரோலைனாவில் கற்பிக்காமலேயே மதிப்பெண் போட்டார்கள், புள்ளி கூடியது. ஏ.பி.ஆர். அளப்பது மதிப்பெண்ணைத்தான். அந்த மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒருவர் ஒரு புத்தகத்தையாவது படித்தாரா என்பதை அளக்கும் வேலை கல்லூரியிடமே விடப்பட்டிருக்கிறது. மதிப்பெண் தருவதும் அதனால் பயன் பெறுவதும் அதே கல்லூரி.

பணம் சேர்ந்த பிறகு

2020 முதல் சங்கம் ஒளிபரப்புப் பணத்தில் ஒரு பங்கைப் படிப்போடு இணைத்துள்ளது. ஏ.பி.ஆர். 985-ஐத் தொட்டால், அல்லது விளையாட்டாளர்களில் 90 விழுக்காட்டினர் பட்டம் பெற்றால், அல்லது மற்ற மாணவர்களைவிட அவர்களின் பட்டம் பெறும் விகிதம் 13 விழுக்காட்டுப் புள்ளி கூடுதலாக இருந்தால் கல்லூரிக்குப் பணம் உண்டு. தண்டனையோடு வெகுமதியும் வந்துவிட்டது. ஆனால் வெகுமதியும் அதே மதிப்பெண்ணை நம்பித்தான் நிற்கிறது.

2024 ஏப்ரலில் இன்னொரு மாற்றம். விளையாட்டாளர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், மாறிய உடனே ஆடலாம். ஒரே நிபந்தனை, படிப்பில் தகுதி இருக்க வேண்டும். 2025-இல் நீதிமன்ற ஒப்புதலோடு கல்லூரிகள் விளையாட்டாளர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் தொடங்கிவிட்டன. கூடைப்பந்து வீரர் நான்கு ஆண்டில் மூன்று கல்லூரி மாறுவது இப்போது செய்தியே இல்லை. மாறும்போது பழைய கல்லூரியின் பாடங்கள் எல்லாவற்றையும் புதிய கல்லூரி பட்டத்துக்கு ஏற்காது. 40-60-80 கணக்கில் இடறுவது அங்கேதான்.

இங்கிருந்து போக நினைப்பவர்களுக்கு

கூடைப்பந்து மட்டுமல்ல, நீச்சல், ஓட்டம், கோல்ஃப் என எந்த விளையாட்டில் அமெரிக்க உபகாரச் சம்பளம் தேடினாலும் வெளிநாட்டு மாணவருக்கும் இதே வாசல்தான். என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். எந்த நாட்டுத் தேர்வு எப்படிக் கணக்கிடப்படும் என்று நாடு வாரியாக அதற்கு ஒரு வழிகாட்டி உண்டு. மதிப்பெண் பட்டியலை மூல மொழியிலும், அது ஆங்கிலமாக இல்லாவிட்டால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்போடும் அனுப்ப வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் பணம் ஈட்டுவதற்கு அமெரிக்கக் குடிநுழைவு விதிகளின் கட்டுப்பாடு உண்டு என்பதால், அங்குள்ள விளையாட்டாளர்கள் வாங்கும் தொகையை அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. தகுதி மையம் கடைசித் தேர்வை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்பதாம் ஆண்டுக் கல்வியிலிருந்தே பதிவுகளைக் கேட்கும். நம் கணக்கில் அது படிவம் 3. முக்கியப் பாடங்களை உரிய காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்து ஓரிரு ஆண்டு மன்ற ஆட்டம் ஆடிவிட்டு, பிறகு திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த மதிப்பெண் கணக்கில் சேராமல் போகலாம். படிவம் 3, 4, 5 பள்ளித் தேர்வு அறிக்கைகளைப் பள்ளி முத்திரையோடு எடுத்துப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளியிலிருந்தும் வாங்கி வைக்க வேண்டும்.